உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி

வயதானவர் சமூகத்திலிருந்து மெல்ல விலகுகிறார், சமூகமும் அவரை விலக்குகிறது, இருதரப்புக்கும் இது சம்மதமே என்று 1961இல் இலேன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கேன்சஸ் நகரத்து மனிதர்களை வைத்து எழுதினார்கள். நவம்பரில் நம்மூர் வங்கி வாசலில் ஒரு காலைப்பொழுது நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள்.

இங்கே விலகவிட்டால்தானே! மத்திய அரசு ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில், தாம் இன்னும் சாகவில்லை என்று சான்று தர வேண்டும். 80 வயதானவர்களுக்குச் சலுகை உண்டு: அக்டோபரிலேயே உயிரோடு இருந்துகொள்ளலாம். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ் சான்று வந்தது. கைரேகை போதுமாம். காலமெல்லாம் ஃபைல் புரட்டிய விரலில் ரேகை எங்கே மிச்சம்?

“தம்பி, நான்தாம்ப்பா வந்திருக்கேன்.”

“தெரியுது சார். மிஷின் ஒத்துக்க மாட்டேங்குது. அந்த விரலை வைங்க.”

பத்து விரலும் கைவிட்டவர்களுக்காக 2021இல் முகத்தைக் காட்டும் வசதி வந்தது. செல்போனைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும். கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்தவரிடம் பேரன், “தாத்தா, சிமிட்டு, சிமிட்டு” என்று மன்றாடுகிறான். செத்தவர் பாடு தேவலை. அவருக்கு ஒரே சான்றிதழ், ஒரே தடவை, விரலும் கேட்பதில்லை.