யூனிட்டில் அசுரவதம்: பொன்னேரிக்காரர்களுக்குச் சில யோசனைகள்

முதலில் வீடியோ கேம் கருவி. நிண்டெண்டோ ஸ்விட்ச்சை அந்தக் கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. ஆகவே உங்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா வேண்டும். இல்லையென்றால் பர்மா பஜாரில் பேரம் பேசத் தெரிய வேண்டும். விலையை வீட்டில் சொல்லாதீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கைகாட்டி, "கம்பெனியில கொடுத்தாங்க" என்று சொல்லிவிடுங்கள். இரும்பு உருக்குகிற இடத்தில் எதற்கு விளையாட்டுச் சாமான் கொடுக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் கொஞ்சம் சிக்கல்.

ஆட்டம், 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்தது. பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்து, அது நடக்காமல், எப்படியோ தாக்குப்பிடித்து 2020 ஆகஸ்ட் 18 அன்று ஸ்விட்ச்சிலும், அக்டோபரில் மற்ற கருவிகளிலும் வெளியிட்டார்கள். ராஜி ஒரு கழைக்கூத்தாடிப் பெண். ரக்ஷாபந்தன் அன்று அவள் தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். துர்க்கை கொடுத்த திரிசூலத்தோடு அவள் தேடிக் கிளம்புகிறாள்.

நீங்களும் கிளம்புங்கள். சென்ட்ரல் போகும் காலை யூனிட் ரயிலில் உட்கார இடம் கிடைக்காது. எதிர்த்திசையில் கும்மிடிப்பூண்டி வரை போய், அங்கேயே ஜன்னலோரம் பிடித்து வருவது உத்தமம். பொன்னேரியில் ஏறுகிறவர்கள் முறைப்பார்கள். திரையைவிட்டுத் தலையைத் தூக்காதீர்கள்.

சண்டை தொடங்கியதும் கேமராவைத் திருப்பப் பார்ப்பீர்கள். திரும்பாது. அது வைத்த இடத்தில் வைத்தபடிதான். தூணுக்குப் பின்னால் யாரோ அடிவாங்கும் சத்தம் கேட்டால் கவலைப்படாதீர்கள், அது நீங்கள்தான். ராஜி சுவரில் ஏறிக் குதித்துக் குத்துவாள், தூணைப் பிடித்துச் சுழன்று அடிப்பாள். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஆபத்துக்கு உருளச் சொல்லிப் பொத்தானை அழுத்தினால், அவள் உருள்வதற்குள் மீஞ்சூர் வந்துவிடும். தாவும்போது எதிர்ப்பக்கத் திட்டு எவ்வளவு தூரம் என்பதும் சரியாகப் பிடிபடாது. விழுந்து விழுந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரங்களைத் திருகிச் சித்திரம் சேர்க்கும் புதிர்கள் வந்தால் எல்கேஜி பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்.

அப்படியானால் எதற்கு விளையாடுவது? நடப்பதற்கு. இதைச் சண்டை ஆட்டம் என்று நினைத்து வாங்கியவர்கள்தான் திட்டுகிறார்கள். அசுரர்களைத் தர்ம தரிசன வரிசை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சகித்துக்கொண்டால் உள்ளே விடுவார்கள். உள்ளே ராஜஸ்தான் கோட்டைகளைப் பார்த்து இழைத்த மாடங்கள், படிக்கட்டுகள், சுவர்ச் சித்திரங்கள். ஒவ்வொரு சித்திரத்தின் முன்னாலும் நில்லுங்கள், அதன் புராணக் கதை காதில் விழும். நடுநடுவே கதை நிழல் பொம்மலாட்டமாக விரியும். தோல்பாவைக் கூத்தை மேடையில் பார்க்காதவர்கள்கூட இங்கே வாயைப் பிளக்கலாம். கதையைத் தாண்டிப்போகும் பொத்தானை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

துர்க்கையும் திருமாலும் மேலே இருந்து இவளைப் பற்றிப் பேசிக்கொள்வது வெளியூர்க்காரர்களுக்குப் புதுமையாக இருக்கலாம். சித்திரைதோறும் கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீஸ்வரரும் தெருவில் சந்தித்துக்கொள்ளும் பொன்னேரிக்காரர்களுக்கு இதில் என்ன அதிசயம்? துர்க்கையும் திருமாலும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதுதான் அதிசயம். 2022இல் வந்த மேம்பட்ட பதிப்பில் இந்தியும் பேசினார்கள். தமிழ் பேசவைக்க வேண்டுமானால் ஒரு சித்திரைக்கு இங்கே அழைத்து வந்து தெருவில் நிறுத்த வேண்டும்.

கடைசி எச்சரிக்கை. மொத்த ஆட்டமும் ஐந்தாறு மணி நேரம்தான். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்தால், சீசன் டிக்கெட்டில் மாதம் பெரும்பாலும் மிச்சமிருக்கும்போதே மகாபலாசுரன் எதிரே வந்து நிற்பான். அவனைச் சாய்த்ததும் கதை சட்டென்று நின்றுவிடும். மீதியைத் தேடிக் கருவியைத் தட்டாதீர்கள். ஆரம்பத்திலிருந்து உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்த பக்கத்து சீட்டுக்காரர், "தம்பி கிடைச்சானா?" என்று கட்டாயம் கேட்பார். "கிடைச்ச மாதிரிதான் சார்" என்று சொல்லிவிட்டு எண்ணூரிலேயே இறங்கிவிடுங்கள். அடுத்த யூனிட் பிடித்துக்கொள்ளலாம்.