தேருக்கு விட்ட வழி

எண்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கரன்கோவிலுக்கு வந்து இறங்கியவர் கண்ணில் முதலில் படுவது ஒன்பது நிலை ராஜகோபுரம். அடுத்துப் படுவது சைக்கிள்கள். விசைத்தறிக் கொட்டகையில் பகல் வேலை முடித்தவர்கள் கைகால் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நேரே கோமதி அம்மனைப் பார்க்க வருவார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் ஆச்சிமாரைக் கேரியரில் உட்காரவைத்து, மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்கள். விடியற்காலையில் பூ மூட்டையோடு சந்தைக்கு வந்த அதே சைக்கிள், சாயங்காலம் கோயில் பிரசாதமான புற்றுமண் பொட்டலத்தோடு ஊர் திரும்பும்.

கோயிலை ஒட்டிய சந்தில் கீற்றுக் கொட்டகை போட்ட சைக்கிள் ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. அதை நடத்தியவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். எண் எழுதிய அட்டையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை ஹாண்டில்பாரில் செருகுவார். மறுபாதி நம் கையில். அவருக்குக் காசைவிட வீதி முக்கியம். ரத வீதியில் எவனாவது சைக்கிளைச் சாய்த்துவிட்டு நகர்ந்தால் கொட்டகைக்குள்ளிருந்தே சத்தம் கேட்கும்: "ஏலே, அது தேர் போற வீதிலா! எடுத்து உள்ள போடு. காசு பெறகு குடு." அதற்கு எதிர்ப்பேச்சு பேசி நான் யாரையும் கண்டதில்லை.

அப்பாவிடம் இருந்தது ஹெர்குலிஸ். 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காயெண்ணெய் போட்டு அதைத் துடைப்பது வீட்டில் ஒரு சடங்காகவே நடந்தது. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு இருந்த சட்டதிட்டங்களை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். இருட்டில் விளக்கில்லாமல் போனால் குற்றம். டபுள்ஸ் ஏற்றினால் குற்றம். அப்பாவின் இளமைக்காலத்தில் முனிசிபாலிட்டி வில்லை இல்லாமல் ஓட்டினாலும் குற்றம். பிடிபட்டால் டியூபில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் மனிதர் ஒருவர், காற்றுப்போன சைக்கிளை மைல் கணக்கில் தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்து அம்மா வருத்தப்பட்டிருக்கிறாள். கடுமையான காலம்தான். ஆனாலும் சாலை எல்லோருக்கும் பொது, அதில் நாம் எப்படி நிற்கிறோம் என்பதற்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் ஊரில் இருந்தது.

சங்கரன்கோவில் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. ரத வீதிகளின் போக்கு மட்டும் மாறவில்லை. சைக்கிளுக்கென்று கோடு கிழித்த பாதை எங்கள் ஊரில் கிடையாது. தாருக்கும் சாக்கடைக்கும் நடுவே இரண்டு முழ ஓரம் இருக்கிறது. அதுதான் எங்கள் சைக்கிள் பாதை. தறிக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர், பூக்கட்டி விற்கிற அம்மா எல்லோரும் அந்த ஓரத்தை நம்பித்தான் வீட்டைவிட்டு இறங்குகிறார்கள். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் பிரதோஷமும் வந்தால் அந்த ஓரம் இருக்காது. அதன்மேல் வரிசையாகக் கார் நிற்கும். இடம் போதாவிட்டால் அந்த வரிசையை ஒட்டி இன்னொரு வரிசை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை பிளஸ் ஒன் படிக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடமும் சாயங்கால டியூஷனும் போய்வருகிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் தாமதம் என்று அவள் அம்மா கேட்டதற்குச் சொன்னாள்: "வீதியில ஓரமே இல்லம்மா. நடுவுல ஏறினா பின்னால பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். அதான் சந்து வழியா சுத்தி வாரேன்." அந்தச் சந்தில் விளக்கு சரியாக எரியாது. கோயிலுக்கு வந்தவர் காரை வாசலில் விட்டதற்காக, பதினாறு வயதுப் பெண் இருட்டுச் சந்தில் வீடு திரும்புகிறாள். இதைக் கேட்ட நாளிலிருந்து, ஓரத்தில் நிற்கும் எந்தக் காரையும் நான் பழையபடி கடந்துபோக முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டே விட்டேன். வெளியூர்க் கார். குடும்பத்தோடு இறங்கினார்கள். "தம்பி, கொஞ்சம் தள்ளி மைதானத்துப் பக்கம் போட்டீங்கன்னா பிள்ளைக சைக்கிள்ல போகும்" என்றேன். "அஞ்சே நிமிசம் சார், சாமி கும்பிட்டுட்டு வந்திருவோம். அம்மாவுக்கு முட்டுவலி" என்றார் மரியாதையாக. அந்தப் பெரியம்மாவை வாசலில் இறக்கிவிடுவது நியாயம். அதற்குமேல் எனக்கும் பேச்சு எழவில்லை. ஆனால் இறக்கிவிட்டபிறகு அந்த வண்டி ஏன் அங்கேயே நிற்கவேண்டும்? அவர் ஐந்து நிமிடம் என்றது பொய்யில்லை. அவர் எடுத்ததும் இன்னொருவர் தன் ஐந்து நிமிடத்தோடு வந்து நிற்பார். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். சைக்கிளில் வருகிறவருக்கோ சாயங்காலம் முழுக்க வழி இல்லை.

நிற்கிற காரால் ஓடுகிற சைக்கிளுக்கு என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் உண்டு. ஓரம் அடைபட்டால் சைக்கிள் தாருக்கு நடுவே வந்தாக வேண்டும். வரும்போது பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க அதில் கண்ணாடி கிடையாது. தலையைத் திருப்பினால் கைப்பிடி ஆடும். அந்த நேரத்தில் காருக்குள் இருப்பவர் பின்னால் பாராமல் கதவைத் திறந்தால், கதவில் மோதி விழுகிறவர் பஸ் சக்கரத்தின் பக்கம்தான் விழுவார். இளந்தாரிக்கே இது சிரமம். கேரியரில் பேரனை வைத்துக்கொண்டு வருகிற அறுபது வயதுக்காரர் என்ன செய்வார்?

சட்டம் இல்லாமல் இல்லை. வண்டியை மற்றவர்க்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ பொது இடத்தில் நிறுத்தக்கூடாது என்று 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவிலேயே சொல்கிறது. 2017-ல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள், நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் வண்டி நிறுத்தக்கூடாது என்று பெயர் சொல்லியே தடுக்கின்றன. தனி அபராதம் குறிக்காத விதிமீறலுக்கு முதல்முறை 100 ரூபாய் வரை இருந்ததை 2019 திருத்தம் 500 ஆக்கியது. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்தன. சைக்கிள் பாதையை எப்படி அமைக்கவேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே நெறிமுறை எழுதிவைத்தது. சென்னை மாநகராட்சி 2014-ல் ஏற்ற கொள்கை, போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்கச் சொன்னது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. விளக்கில்லாத சைக்கிளின் காற்றைப் பிடுங்க அன்று கை நீண்டது. வழியை மறித்து நிற்கும் காரிடம் அந்தக் கை நீளத் தயங்குகிறது. இருவரில் எவரால் பிறர் உயிருக்கு அதிக ஆபத்து என்று பார்த்தால், நாற்பது வருடத்தில் நாம் தலைகீழாகப் போயிருக்கிறோம்.

இது ஒரு மதத்துக்காரர்களின் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் தெருவிலும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் சர்ச் வாசலிலும் இதையேதான் பார்க்கிறோம். நம் நாட்டோடு முடிகிற சங்கதியுமில்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2015-ல் ஒரு தெருவில் சைக்கிள் பாதை போட நகர நிர்வாகம் திட்டமிட்டபோது, அங்குள்ள பழைய திருச்சபை ஒன்று தன் வழிபாட்டு உரிமையே பாதிக்கப்படுவதாக எதிர்த்தது. வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவார்கள் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையைப் புரிந்துகொள்ள முடிகிறது. தள்ளாத வயதுக்காரர்களும் சாமி கும்பிடத்தான் வேண்டும். ஆனால் வழிபடும் உரிமையில், வழிபடப் போகும் சாலையை அடைத்து நிற்கும் உரிமை எங்கிருந்து வந்து சேர்ந்தது? பொதுச் சாலையில் புதிதாக வழிபாட்டுத் தலமே எழுப்பக்கூடாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மதத்துக்கும் சேர்த்துத் தடை போட்டது. சாமிக்கே இல்லாத சலுகையை நம் காருக்கு நாமே கொடுத்துக்கொள்கிறோம்.

கோடு போட்டால் மட்டும் போதாது என்பதற்கு டெல்லி சாட்சி. 2008-ல் அங்கே பஸ்ஸுக்குத் தனித் தடமும் சைக்கிளுக்குத் தனிப் பாதையும் போட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் சைக்கிள் பாதைக்குள் புகுந்தன. கார்காரர்கள் பஸ் தடத்தையே எதிர்த்தார்கள். 2016-ல் அதை இடித்தார்கள். சைக்கிளில் போகிறவருக்கும் சாலையில் பங்கு உண்டு என்று ஊர் மனதார ஒப்புக்கொள்ளாத இடத்தில் கோடு வெறும் சுண்ணாம்புதான்.

அந்தப் பங்கு சின்னதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 44.8 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் 21 சதவீதத்தில். காரோ ஜீப்போ 4.7 சதவீதத்தில். அதற்குப் பிறகு மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன. ஆனாலும் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் யார் துணையும் இல்லாமல் போனார்கள். 2001-ல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு வந்து, பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரு பெண்ணின் கையில் சைக்கிளைக் கொடுத்தோம். அதை ஓட்ட இரண்டு முழ இடம் கொடுக்க நமக்கு மனமில்லாமல் போனால், கொடுத்ததற்கு அர்த்தம் என்ன?

முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சித்திரையில் தேர் ஓடுகிற நாளில் ரத வீதியில் ஒரு வண்டி நிற்காது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மாவட்டமே உள்ளூர் விடுமுறை விட்டு வருகிறது. கொடியேறிய நாள் முதல் ஆண்களும் பெண்களும் நேர்ந்துகொண்டு ஆடிச்சுற்று சுற்றுகிறார்கள். விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியும் வத்தலும் நெல்லும் கொண்டுவந்து அம்மன் சப்பரத்தின்மேல் வீசுகிறார்கள். அன்று எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் காரை ஊரோரத்தில் விட்டுவிட்டு நடந்துதான் வருகிறார். நடந்ததால் யாருக்கும் பக்தி குறைந்ததில்லை. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலின் சித்திரை வீதிகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விட்டார்கள், கூட்டம் குறைந்துவிடவில்லை.

எங்கள் கோயிலின் கதையை எண்ணிப் பார்க்கிறேன். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் வழக்காடினார்கள். இருவரும் ஒன்றே என்று உலகுக்குக் காட்டச் சொல்லி அம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்தாள். அதன் பலன்தான் பாதி சங்கரன், பாதி நாராயணன் என்று நிற்கும் மூர்த்தி. யார் பெரியவர் என்ற வழக்கு தீர்ந்துபோன சன்னதி இது. அந்தச் சன்னதிக்கு வருகிற வழியில், காரில் வந்தவர் பெரியவராகவும் சைக்கிளில் வந்தவர் சிறியவராகவும் இருக்கலாமா? நானும் கோமதி அம்மன் முன்னால் நின்று மனமுருகுகிறவன்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்.

செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. கோயிலும் நகராட்சியும் காவல்துறையும் சேர்ந்து, ரத வீதிக்கு வெளியே நிறுத்த ஓர் இடம் காட்டட்டும். நடக்க முடியாதவர்களை வாசலில் இறக்கிவிட மட்டும் அனுமதி இருக்கட்டும். வாசலுக்குப் பக்கத்தில் மறுபடியும் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் வரட்டும். பள்ளிவாசல் ஜமாத்தும் சர்ச் கமிட்டியும் தங்கள் மக்களிடம் ஒரு வார்த்தை சொன்னால், அது அபராத ரசீதைவிட ஆழமாகப் போகும். வீதியோரத்தில் ஒரு கோடு வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும், அடுத்த வெள்ளிக்கிழமை நம் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடக்க எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தேருக்கு வருடத்தில் ஒருநாள் விடுகிற வழியைச் சைக்கிளில் வருகிற பிள்ளைக்குத் தினமும் விடுவோம்.