பழைய கணினிக்குப் புது வாழ்வு

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போடுவதா, லினக்ஸுக்கு மாறுவதா?

பதில்: தூக்கிப் போடவே வேண்டாம்! கணினிக்கு வயதாகவில்லை, விதிமுறைதான் மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறை பிராசஸரும். அவை இல்லாத நல்ல கணினிகள் குப்பைக்குப் போவது அநியாயம்.

மாறுவதற்கு பிரான்ஸின் ஜாந்தார்மெரி காவல் படை அருமையான வழிகாட்டி. அவர்கள் எடுத்த எடுப்பில் லினக்ஸில் குதிக்கவில்லை. 2005-ல் ஓப்பன் ஆபீஸ், அடுத்து ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு. கை பழகிய பிறகு, 2008 முதல் உபுண்டு லினக்ஸ். மென்பொருள் பழக்கமானதாக இருந்ததால் அடித்தளம் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லை.

ஆனால் மாறியவர்கள் எல்லோரும் லினக்ஸிலேயே நிலைத்துவிடவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியும், 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதனால் முதலில் சோதித்துப் பார்த்தே மாறுங்கள்.

வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் நல்ல தொடக்கம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு மூன்றும் வேலை செய்தால் தயங்காமல் நிறுவலாம், கோப்புகளை வேறிடத்தில் சேமித்துவிட்டு! டேலியில் கணக்கெழுதுபவர்கள் மட்டும் விண்டோஸ் கணினி ஒன்றைக் கைவசம் வைத்திருக்கட்டும்.