மாமியாரின் மூளையும் இருநூறு ரூபாயும்

கே: என் கல்யாணத்தில் யார் யார் என்ன முறை செய்தார்கள் என்பதை மாமியார் இன்றைக்கும் ஒன்றுவிடாமல் சொல்கிறார். போன வாரம் என்னிடம் வாங்கிய இருநூறு ரூபாய் மட்டும் நினைவில்லையாம். மூளையில் கோளாறா? – வாசகி, பாறசாலை

ப: மூளை பிரமாதமாக வேலை செய்கிறது! கல்யாணக் கதையை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? சொல்லச் சொல்ல நினைவு இறுகும். கூடவே கொஞ்சம் மாறவும் செய்யும். உங்கள் அப்பா போட்ட நகை வருஷத்துக்கு ஒரு பவுன் குறைகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

கே: நினைவு மூளையில் எங்கே இருக்கிறது? – கல்லூரி மாணவர், நெய்யாற்றின்கரை

ப: ஒரே இடத்தில் இல்லை. ஓணக்கோடி வாங்கிய நாளை எடுத்துக்கொள்வோம். கசவுக் கரையின் மினுக்கம் பின்மூளையில், கடைக்காரரின் குரல் காதோரப் பகுதியில், புதுத்துணியின் கஞ்சிப்பசை வாசம் இன்னோரிடத்தில். எது எதோடு சேர்ந்தது என்ற கணக்கு ஹிப்போகேம்பஸின் பொறுப்பு. காதுக்கு உள்ளே தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அந்த வாசம் மூக்கில் பட்டால் போதும், மற்றதை அது எழுப்பிவிடும். நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி தேடலை நடத்தி, வேண்டாததை ஒதுக்கும். தலையின் பின்பக்கவாட்டில் உள்ள ஆங்குலர் கைரஸ் விவரங்களை ஒன்றாகக் கோக்க உதவும். ‘முண்டு வாங்கினேன்’ என்று மொட்டையாக நினைவு வருகிறதா, கரையின் அகலம்வரை கண்ணில் நிற்கிறதா என்பது இந்தக் கூட்டணியின் ஒற்றுமையைப் பொறுத்தது. நம்மூர்க் கூட்டணிகளைவிட இது தேவலாம்.

கே: குழித்தறியில் உட்கார்ந்தால் காலும் கையும் தாமாக ஓடுகின்றன. யார் என்ன அளவில் முண்டு கேட்டார்கள் என்பதுதான் மறந்துபோகிறது. – நெசவாளர், பாலராமபுரம்

ப: இரண்டும் வேறு வேறு இலாகா. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு, வலிப்பை நிறுத்துவதற்காக இரு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்றே நாளில் கை படிந்துவிட்டது. முன்பு வரைந்த ஞாபகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக இல்லை! கைப்பழக்கத்தை மூளையின் அடியாழமும் சிறுமூளையும் பார்த்துக்கொள்கின்றன. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த உங்கள் முன்னோர் கொடுத்துவிட்டுப் போனது அந்தச் சொத்து. ஆர்டரை நோட்டில் எழுதுங்கள்.

கே: சதாவதானி செய்குத்தம்பிப் பாவலருக்குத் தனி மூளையோ? – தமிழாசிரியர், களியக்காவிளை

ப: நாகர்கோவில் இடலாக்குடிக்காரரான அவர், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானத்தை 1907-ல் சென்னையில் செய்து காட்டினார். அவர் தலையை யாரும் படம் பிடிக்கவில்லை. 2003-ல் வெளியான லண்டன் ஆய்வொன்றில் நினைவாற்றல் போட்டிக்காரர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். அமைப்பில் வித்தியாசமே இல்லை. வழி கண்டுபிடிக்கும் பகுதிகள்தான் கூடுதலாக உழைத்தன. தெரிந்த தெருவில் மனதால் நடந்து, வாசலுக்கு ஒன்றாக வைத்துவிட்டு வருவது அவர்களில் பலருடைய உத்தி. பரீட்சைக்கு முன் உங்கள் மாணவர்களும் செய்து பார்க்கலாம்.

கே: தம்பிக்கு வலிப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் ஆபரேஷனுக்கு முன் கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். எதற்கு? – அமரவிளை வாசகர்

ப: மொலேசனுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான். ஸ்ரீசித்திராவில் 1995 முதல் வலிப்புக்கான அறுவை நடக்கிறது. வெட்டுவது ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் தாங்குமா என்று முன்னாலேயே பார்க்கிறார்கள். தம்பியைப் பொறுமையாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

கே: தினமும் போகிற கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் அம்மா நின்றுவிட்டார். வயசானால் சகஜம்தானே? – பூவார் வாசகி

ப: இல்லை. சாவி வைத்த இடம் மறப்பது சகஜம், பழகிய வழி மறப்பது சகஜமில்லை. தைராய்டு குறைவும் பி12 குறைவும்கூட மறதியைக் கொண்டுவரும். அவற்றுக்கு மருந்து இருக்கிறது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாமல் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.