அப்பாவின் மைலேஜ் நோட்டு

1989இல் அப்பா மாருதி 800 வாங்கினார். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, ஓடிய கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். மாடி கட்டியபோது மீந்த இரண்டு மூட்டை சிமெண்ட், ஒரு மாதம் டிக்கியிலேயே கிடந்தது. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 15க்கு இறங்கியதை நோட்டு காட்டிக்கொடுத்தது. “நூறு கிலோவைத் தெருத் தெருவாச் சுமக்குதுடா வண்டி, முதல்ல இறக்கு” என்றார். அந்த வண்டியின் எடையே 650 கிலோதான்.

இன்று பழங்காநத்தத்திலிருந்து அண்ணாநகருக்கு அதே மதுரைச் சாலைகளில் தினமும் போகிறேன். என் வண்டி 1,300 கிலோ. உள்ளே நான் ஒருவன்தான். கார்புரேட்டர் போய், பெட்ரோலைத் துளித்துளியாக அளந்து விடும் இன்ஜின் வந்துவிட்டது. இருந்தும் ஊருக்குள் 12க்கு மேல் கொடுப்பதில்லை. இன்ஜின் மிச்சம் பிடித்ததை எடை தின்றுவிடுகிறது.

நின்ற வண்டியை 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை எடைதான் தீர்மானிக்கிறது. எடை இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். பிரேக்கை மிதித்ததும் அத்தனையும் சூடாகிக் காற்றில் கலந்துவிடும். அடுத்த சிக்னலில் மறுபடி முதலிலிருந்து செலவு. நாற்கரச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது எடை இவ்வளவு படுத்தாது. அங்கே காற்றைத் தள்ளுவதற்கே பெரும்பங்கு போகும். ஊருக்குள்தான் ஒவ்வொரு கிலோவும் விலை கேட்கிறது.

கூடிய எடை முழுவதும் வீண் இல்லை. ஏர்பேக்கும் வலுவான கதவுகளும் அதில் அடக்கம். மகள் பக்கத்தில் உட்காரும்போது அவை இருப்பது எனக்கு நிம்மதி. ஆனால் தனியாக அலுவலகம் போக இத்தனை உயரமும் அகலமும் எனக்குத் தேவைப்படவில்லை.

போன வாரம் டிக்கியைத் திறந்தேன். பழைய புத்தகக் கட்டுகள், தண்ணீர் கேன், உடைந்த மேசை மின்விசிறி. நாற்பது கிலோ இருக்கும். எல்லாவற்றையும் இறக்கினேன். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கப் பழகிவருகிறேன். இதனால் கிடைப்பது கொஞ்சம்தான். பெரிய மிச்சத்தை வண்டி வாங்கிய அன்றே விட்டுவிட்டேன். ஷோரூமில் நிறம் கேட்டேன், திரையின் அளவு கேட்டேன், எடையைக் கேட்கவில்லை. புது நோட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்: 1,300 கிலோ.