மடவளைச் சூழலில் அடுத்த வில்லை: பின்வாங்கற் கோட்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

கமரா வாங்கியவர் மீண்டும் கடைக்குப் போவதற்கு நூலோர் காட்டும் காரணம் வில்லை எனப்படும். வழக்கில் லென்ஸ் என வழங்கும் இது, கமராவோடு பெட்டியிலேயே வரும் 18–55 மில்லிமீற்றர் உடன்வரு வில்லை, குவியத்தூரம் மாறாத ஒருநிலை வில்லை, தூரத்தை அருகே இழுக்கும் தொலை வில்லை, அண்மை வில்லை, அடுத்தவருடைய வில்லை என ஐவகைப்படும். ஐந்தாவதே எக்காலத்தும் சிறந்தது என்பதில் எல்லா மரபினருக்கும் உடன்பாடு உண்டாகையால் அது இங்கு ஆராயப்படவில்லை. அண்மை வில்லை, கண்டி மழையில் ஏனைய வில்லைகளின் கண்ணாடிக்குள் படரும் பூஞ்சணத்தைப் படமெடுக்க உதவும்.

குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுக்க வருவது துளை எண். அவ்வெண் குறையக் குறைய ஒளி கூடுமாதலால், 1.8 துளை எண்ணுடைய 50 மி.மீ. ஒருநிலை வில்லை, 55 மி.மீ. வரை நீட்டப்பட்டு 5.6 இல் நிற்கும் உடன்வரு வில்லையைவிடப் பத்து மடங்குக்குச் சற்றே குறைவான ஒளியைக் கூடுதலாக உள்ளே விடும். பதினோராம் நூற்றாண்டில் ஒளியைப் பற்றி ஏழு பாகங்களில் எழுதிய இப்னு அல் ஹைதம், இவற்றுள் எதை வாங்குவது என்பது பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அந்த மௌனத்தை 50 மி.மீ. கட்சியினர் தமக்குச் சார்பான சான்றாகவும், மற்றையோர் அதே மௌனத்தின் வேறொரு பகுதியைத் தமக்குச் சார்பான சான்றாகவும் காட்டுவர்.

இனி, இவ்வாய்வின் உயிர்நாடியான பின்வாங்கற் கோட்பாடு. வத்துகாமத்துக்குப் போகும் வழியிலுள்ள மடவளை பஸாரில் வலீமா என்னும் ஒரு திருமண விருந்தைக் கொள்க. சஹன் என்னும் ஒரு பெருந்தட்டைச் சுற்றி அறுவர் அமர்ந்திருக்க, அவர்கள் அனைவரும் அடங்க இரண்டரை மீற்றர் அகலம் வேண்டுமெனின், 22.3 மி.மீ. அகல உணரியுள்ள கமராவில் 18 மி.மீ. வில்லை பூட்டியவர் இரண்டு மீற்றரில் நிற்கலாம், 50 மி.மீ. பூட்டியவரோ 5.6 மீற்றருக்குப் பின்வாங்க வேண்டும். இடைப்பட்ட மூன்றரை மீற்றரில் இன்னொரு சஹனும், அதன் புரியாணியும், அதைச் சுற்றி அறுவரும் உளர். “நாநா, கால பாத்து வைங்க!” என்னும் கூற்று இவ்விடத்தில்தான் தோன்றுகிறது. பின்வாங்கல் குதிகால் எழும்போதே தொடங்குகிறது என்பர் குதிகால் மரபினர். குதிகால் மீண்டும் எதன்மீதேனும் பதியும்போதே அது பின்வாங்கலாகும் என்பர் பதிவு மரபினர். பதிந்தது வட்டிலப்பத்தின் மீதெனின் அது பின்வாங்கலோ பின்னடைவோ என்பது மூன்றாம் மரபினரின் ஐயம். இம்மூன்றாம் மரபு, முதல் மூன்று பதிப்புகளும் வெளிவராத ஒரு நூலின் நான்காம் பதிப்பில், ஓர் அடிக்குறிப்புக்கு இடப்பட்ட அடிக்குறிப்பில் காணப்படுகிறது. அதை மறுப்பவரும் அந்நூலை அங்கிருந்தே மேற்கோள் காட்டுகிறார். மறுக்கப்பட்டவர் தம் பெயர் அச்சில் வந்த மகிழ்ச்சியில் மறுத்தவரை மேற்கோள் காட்டுகிறார். இவ்வகையில் இருவரும் பதவி உயர்வு பெறும் வழக்கம் ஒளிப்படத்துறையில் இல்லை.

தொலை வில்லையை நாடுவோர் கண்டி எசல பெரஹராவைக் காரணம் காட்டுவர். தீப்பந்த வெளிச்சத்துக்கு 2.8 துளை எண் வேண்டும் என்பது மெய்யே. ஆயினும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள 70–200 வில்லையைச் சுமந்து மாலையிலிருந்தே நடைபாதையில் இடம்பிடித்தவருக்கு முன்னே யானை நான்கு மீற்றரில் வந்து நிற்குமாயின், 70 மி.மீ.யிலேயே சட்டகத்துள் அடங்குவது 1.3 மீற்றர் யானை மட்டுமே. அது காதா வயிறா என்பதை அலங்காரத் துணியின் சரிகை கொண்டே துணிய வேண்டியிருக்கும்.

தெரிவு முறை பற்றிய நம்பத்தக்க முன்னுதாரணம் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையாருடையது. 1863 இல், தம் 48 ஆவது வயதில், மகள் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவையும் வில்லையையும் எவ்வித ஒப்பாய்வும் இன்றி ஏற்று, தெளிவற்ற படங்கள் என்று அக்கால வல்லுநர் ஏசியதைப் பொருட்படுத்தாமல் படமெடுத்து, 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கமானார். அவரை ஏசிய வல்லுநரின் வில்லைகள் மிகத் தெளிவானவை. அவர்களுடைய பெயர்களை இன்று நினைவிற் கொள்வார் அரியர்.

மடவளையில் மகளின் இடத்தைக் கட்டாரிலிருந்து விடுமுறையில் வரும் மச்சான் வகிக்கிறார். விருந்து மண்டபங்களின் நீளம் அளந்து, துளை எண்கள் ஒப்பிட்டு, பின்வாங்கலுக்கும் துணிந்து எட்டப்பட்ட 50 மி.மீ. என்னும் முடிவு அவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்படும். அவரும் சொன்ன சொல் தவறாது 50 மி.மீ. வில்லையே கொண்டுவருவார். கெனன் நிறுவனம் 1987 இல் ஈ.எஃப். என்றொரு பூட்டுவாயையும் 2018 இல் ஆர்.எஃப். என்றொரு பூட்டுவாயையும் அமைத்ததும், புதிய வாய்க்குரிய வில்லை பழைய கமராவில் பூட்டப்படாததும் தொலைபேசியில் சொல்லாமல் விடுபட்டவை. வில்லை மிக நன்று, விலையும் மலிவு, மச்சானும் திரும்பிப் போய்விட்டார். ஆதலின், அவ்வில்லைக்குப் பொருந்தும் கமராவைத் தெரிவு செய்யும் முறை இவ்வாய்வின் இரண்டாம் பாகத்தில் விரித்துரைக்கப்படும்.