வீட்டுக்கு உதவாமல் சைக்கிள் ஓட்டுவது எப்படி?

வாழ்த்துகள், சைக்கிள் வாங்கிவிட்டீர்கள். ஹேண்டில்பார் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த, கேரியர், ஸ்டாண்டு, மணி எதுவும் இல்லாத உயர்ந்த ரகம். விலையை வீட்டில் பாதியாகச் சொல்லியிருப்பீர்கள். கவலை வேண்டாம், மீதிப் பாதியை ஹெல்மெட், ஷூ, மீட்டர் என்று தவணை முறையில் ஒத்துக்கொள்ளலாம்.

இப்போது மார்கழி. சென்னையில் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல மாதம் கிடையாது. வெயில் இல்லை, வியர்வை குறைவு, மழையும் அநேகமாக ஓய்ந்துவிடும். வீட்டிலோ இதைவிட வேலை மிகுந்த மாதம் கிடையாது. கோலம், கோயில், கச்சேரி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, போகி, பொங்கல், இத்தனைக்கும் நடுவே வந்துபோகும் விருந்தாளிகள். இரண்டையும் மோதவிட்டு சைக்கிளை ஜெயிக்க வைப்பது எப்படி என்பதுதான் பாடம். இதில் பெரும்பாலானவற்றை நீங்கள் ஏற்கெனவே செய்துவருகிறீர்கள். இனி முறைப்படி செய்யுங்கள்.

1. சனிக்கிழமை இரவே ஆரம்பியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு மகாபலிபுரம், யார் யார்?" என்று போடுங்கள். முப்பது பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். காலையில் மூன்று பேர் வருவார்கள். நாளை காலை வீட்டில் என்ன வேலை இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். யாராவது நினைவுபடுத்தினால், "குரூப்ல வரேன்னு சொல்லிட்டேனே, இப்ப எப்படிம்மா மாத்தறது?" என்று கையைப் பிசையுங்கள். கூப்பிட்டதே நீங்கள்தான் என்பது குழுவுக்குள் இருக்கட்டும்.

2. நாலு மணிக்கு அலாரம் வையுங்கள். அதை மூன்று முறை தள்ளிப்போடுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் அரைகுறையாக விழித்தால் அவருக்குத்தான் தலைவலி, முழுதாக விழிக்கட்டும். டயருக்குக் காற்றடிப்பதை முந்தைய இரவே முடித்திருக்கலாம். முடிக்காதீர்கள். 25 மில்லிமீட்டர் டயருக்கு 80, 90 பிஎஸ்ஐ வேண்டும். அந்த அழுத்தம் ஏறும்வரை நின்று அடிக்கும் பம்ப் புஸ், புஸ் என்று சீறும். குழந்தைகள் தூங்கும் அறைக் கதவுக்கு வெளியே வைத்து அடியுங்கள். பிறகு பெடலில் மாட்டும் க்ளீட் ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு, டக் டக்கென்று சமையலறைக்குப் போய், விளக்கைப் போட்டு, வாழைப்பழம் எங்கே என்று கேளுங்கள். அது மேஜைமேல் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

3. வாசலில் கோலம் போட்டிருப்பார்கள். ஓரமாகத் தூக்கிக்கொண்டு போக முடியும், உங்கள் சைக்கிளின் பெருமையே அதன் எடை குறைவுதான். ஆனாலும் உருட்டியே போங்கள். மாவு காயாமல் இருந்தால் முன் சக்கரம் லிஃப்ட் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு இழுக்கும், உங்கள் தடம் யாருக்கும் மறக்காது. பரங்கிப்பூ செருகிய சாண உருண்டையை மட்டும் மிதிக்க வேண்டாம். மரியாதைக்காகச் சொல்லவில்லை. க்ளீட்டில் சாணி அடைத்துக்கொண்டால் பெடலில் மாட்டாது.

4. இந்த மாதத்தில் சூரியன் எழ ஏறக்குறைய ஆறரை ஆகிவிடும். ஆகவே விளக்கு அவசியம். விட்டு விட்டு மின்னும் முறையில், மிக அதிக வெளிச்சத்தில், எதிரே வருகிறவர் கண்ணுக்கு நேராகத் திருப்பி வையுங்கள்.

5. திருவான்மியூரைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் அற்புதம் நடக்கும். போன மாதம் 24 கிலோமீட்டர் வேகத்தில் திணறியவர் இன்று 31ல் போவீர்கள். நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி டோல் எல்லாம் பறக்கும். முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது, "இந்த வயதில் இப்படி ஒரு காலா!" என்று உங்களுக்கே தோன்றும். தோன்றட்டும். மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது, நீங்கள் தெற்கே போகிறீர்கள், அது உங்கள் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறது என்ற விவரத்தை இந்த இடத்தில் யோசிக்கக் கூடாது. வேகத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடுங்கள். "ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் எல்லோராலும் முடியும்" என்று ஒரு வரி சேருங்கள்.

6. மாமல்லபுரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கடற்கரைக் கோயில் 1,300 ஆண்டுகளாக அங்கே நிற்கிறது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, செயின் இருக்கும் வலது பக்கம் தெரியும்படி படம் எடுங்கள். இடது பக்கம் தெரியும் படத்தைக் குழுவில் மன்னிக்க மாட்டார்கள்.

பிறகு டிபன். கையில் இருக்கும் கடிகாரம் 1,100 கலோரி என்று காட்டும். இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் திரும்பிப்போக வேண்டுமே. வெண்பொங்கல் சொல்லுங்கள். அதற்குத் துணையாக வடை, வடைக்குத் துணையாக இன்னொரு பொங்கல். ஒரு கிராம் நெய்க்கு 9 கலோரி என்பது உட்கார்ந்திருப்பவர்களுக்கான கணக்கு. சாப்பிடும்போது சைக்கிளின் எடையைப் பற்றிப் பேசுங்கள். உலகப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை அனுமதிப்பதில்லை. உங்களுடையது ஒன்பது. அந்த இரண்டு சொச்சம் கிலோதான் உங்களைப் பின்னால் இழுக்கிறது என்று உறுதியாக நம்புங்கள். இடுப்பில் இருக்கும் பன்னிரண்டு கிலோவைப் பற்றி யாரும் சட்டம் போடவில்லை.

வீட்டிலிருந்து போன் வரும். மூன்று விருந்தாளிகளுக்கு இட்லி ஊற்றிக்கொண்டே பேசுவார்கள். "இப்பத்தான் கிளம்பறோம்" என்று சொல்லிவிட்டு, காபி சொல்லுங்கள்.

7. இப்போது திரும்புங்கள். முதுகில் தள்ளிய காற்று இனி மார்பில் நிற்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், காற்றின் தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதே காற்று பின்னாலிருந்து வந்தபோது தடை மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வரும்போது இதைச் சொல்லாதவர் நீங்கள். இப்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சொல்லுங்கள். "ஹெட்விண்ட் சார், ஹெட்விண்ட்!"

காற்றைத் தாங்க முன்னால் ஒருவர் போக வேண்டும். முறை வைத்து மாறிக்கொள்வது நாகரிகம். உங்கள் முறை வரும்போது ஷூ லேசைச் சரிபாருங்கள். மூன்று பேரும் அப்படியே செய்தால், கோவளத்திலிருந்து மீன்கூடை ஏற்றிவரும் டிவிஎஸ் எக்ஸெல் ஒன்றைப் பிடித்து அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். புன்னகை செய்யுங்கள். சராசரி வேகம் ஏறும். வாடை மதியம் வரை ஜெர்சியை விட்டுப் போகாது. அந்த வண்டி தெரியும் படங்களை வெட்டிவிட்டு மற்றதைப் பதிவேற்றுங்கள்.

8. பஞ்சர். இது பாடத்தின் மிக முக்கியமான பகுதி, நிதானமாகக் கேளுங்கள். டயரைக் கழற்றுங்கள், டியூபை உருவுங்கள், புதுசை மாட்டுங்கள். இதற்கு நடுவே, டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். லாரி டயர் வெடித்துச் சிதறியதில் வந்த ஒரு கம்பி, மீசை முடி கனத்தில், ரப்பருக்குள் குத்திக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத்தான் தெரியும். நீங்கள் தடவாதீர்கள். புதுசும் நூறு மீட்டரில் போகும். அப்போதுதான் குழுவில் இன்னொருவருடைய டியூபைக் கேட்க முடியும்.

அதுவும் தீர்ந்தால், சாலையோர பஞ்சர் கடைக்கு உருட்டிப் போங்கள். உங்கள் டியூபின் வால்வு பென்சில் முனைபோல் ஒல்லி, கடைக்காரரின் காற்றுக்குழாய் அதில் பிடிக்காது. ஒரு சிறு பித்தளை அடாப்டர் போதும். அது வீட்டில், மேஜை இழுப்பறையில், வாங்கிய கவரோடு பத்திரமாக இருக்கிறது. கடைக்காரர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ சார் இந்த வண்டி?" என்று கேட்பார். அவரிடமும் பாதி விலையே சொல்லுங்கள். பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

பிறகு மனைவிக்கு போன் செய்து காரை எடுத்துவரச் சொல்லுங்கள்.

9. வீடு. பதினொன்றே கால். ஊரிலிருந்து வந்த மாமனார் ஹாலில் உட்கார்ந்திருப்பார். உடலோடு ஒட்டிய அந்த உடையிலேயே அவர் முன்னால் நின்று நலம் விசாரியுங்கள். "என்ன மாப்ளே, சர்க்கஸ்ல சேர்ந்துட்டீங்களா?" என்பார். சிரிக்காதீர்கள். இதயத்துடிப்பு மண்டலங்கள் ஐந்தையும் வரிசையாக விளக்குங்கள். குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொள்ளும்போது வலது கெண்டைக்காலில் செயின் சக்கரத்தின் பற்கள் கறுப்பாக அச்சு விழுந்திருக்கும். துடைக்க வேண்டாம். வேட்டி தானாகத் துடைத்துக்கொள்ளும்.

சாப்பிட்டதும் காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்துவிடுங்கள். இது ஓய்வல்ல, பயிற்சியின் ஒரு பகுதி.

10. மாலையில் மயிலாப்பூரில் கச்சேரி. அம்மாவைக் கூட்டிப்போவதாக நவம்பரிலேயே வாக்குக் கொடுத்தீர்கள். போங்கள். ஏசி அரங்கம், மெத்தை நாற்காலி, தம்புரா. ஆலாபனை தொடங்கிய இரண்டாம் நிமிஷம் உங்கள் தலை ஆடத் தொடங்கும். முன்வரிசைக்காரர்கள் உங்களைப் பெரிய ரசிகர் என்று நினைப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் உச்சத்துக்குப் போகும்போது நீங்கள் திடுக்கிட்டு நிமிர்வதையும் தாளஞானம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு மட்டும் தெரியும். கேன்டீனுக்கு மட்டும் தவறாமல் எழுந்துவிடுங்கள்.

11. வார நாட்கள். சைக்கிள் ஹாலில்தான் நிற்க வேண்டும். கொலு எடுத்து வைத்த இடம் காலியாகத்தானே இருக்கிறது? பழைய டூத்பிரஷால் செயினைத் தேயுங்கள், எது பழையது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

"கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வரீங்களா? தெருமுனைக் கடைதான்" என்று கேட்பார்கள். பதறாமல் காரணங்களை அடுக்குங்கள். கேரியர் கிடையாது. ஸ்டாண்டு கிடையாது. பூட்டு வாங்கவில்லை, பூட்டின் எடை அதிகம். சாதாரணச் செருப்போடு அந்தப் பெடலை மிதித்தால் வழுக்கும். நடந்து போகலாமே என்று அடுத்த கேள்வி வருமுன் போனை எடுத்து ஆர்டர் போடுங்கள். பத்து நிமிஷத்தில் ஒரு பையன் கொத்தமல்லியோடு வந்து நிற்பான். சில நாள் அவன் வருவது சைக்கிளில்தான். அவனுடைய சீட் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிறது, முழங்காலுக்குக் கெடுதல் என்று எடுத்துச் சொல்லுங்கள். அவன் அடுத்த ஆர்டரைப் பார்த்துக்கொண்டே "சரிங்க சார்" என்பான்.

12. கிறிஸ்துமஸ் வாரம். ராஃபா என்ற இங்கிலாந்து சைக்கிள் உடைக் கம்பெனி 2010 முதல் ஒரு சவால் விடுகிறது. டிசம்பர் 24 தொடங்கி 31க்குள் 500 கிலோமீட்டர். நாளுக்கு 62.5. அந்த ஊரில் அது பனியும் இருட்டுமாக இருக்கும் வாரம், வீட்டில் தின்று தூங்காமல் வெளியே வரட்டும் என்று வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இதில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் காது கேட்காததுபோல் இருங்கள். பெயரைப் பதிந்துவிடுங்கள்.

பதிந்தபின் திட்டம் போடாதீர்கள். 24ஆம் தேதி உற்சாகத்தில் நூறு. 25ஆம் தேதி பக்கத்து வீட்டு பிளம் கேக், அன்று விடுமுறை. நடுவில் வைகுண்ட ஏகாதசி வந்தால், அம்மா திருவல்லிக்கேணியில் சொர்க்கவாசல் வரிசையில் தனியாக நிற்கும்போது நீங்கள் பனையூரில் 38 கிலோமீட்டர் பாக்கியை நிரப்பிக்கொண்டிருங்கள். "உன் பேருக்கும் அர்ச்சனை பண்ணிட்டேன்டா" என்பார். லைக் போடுங்கள்.

31ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு 12 கிலோமீட்டர் குறையும். எல்லா வருஷமும் குறையும். மெரினா பக்கம் போக முடியாது, போலீஸ் அடைத்துவிடும். மற்ற சாலைகளில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள். அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங்கில் ஜிபிஎஸ் எடுக்காது. ஆகவே பிளாக்குகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுங்கள். ஒரு சுற்று 120 மீட்டர் என்றால் நூறு சுற்று. பன்னிரண்டு அடிக்கும் நேரம் எல்லோரும் கீழே நின்று "பத்து, ஒன்பது, எட்டு" என்று கத்துவார்கள். நடுவில் புகுந்து, "சைடு, சைடு!" என்று கூவிக்கொண்டு போங்கள். உங்களுக்கு மணி கிடையாதே. வாட்ச்மேன் முதல் பத்து சுற்றுக்கு சல்யூட் வைப்பார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

13. புத்தாண்டுத் தீர்மானமாக இன்னொரு சைக்கிள் வாங்குங்கள்.

14. போகியன்று காலை தெருவெல்லாம் புகை. அன்று ஆழமாக மூச்சு வாங்கும்படி மேம்பாலத்தில் ஏறி இறங்குங்கள். வீட்டில் பரண் ஒழிக்கிறார்கள். திரும்பி வரும்போது உங்கள் பழைய டயர்கள் வாசல் குவியலில் கிடக்கும். தேய்ந்தவைதான், இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வரலாறு சொல்லி உள்ளே எடுத்து வையுங்கள். டயரை எரிக்கக் கூடாது என்று அரசாங்கமே சொல்கிறது, சட்டம் உங்கள் பக்கம்.

15. காணும் பொங்கல். "அப்பா, எங்களை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போப்பா" என்று குழந்தைகள் கேட்பார்கள். கண்ணைப் பெரிதாக விரித்து, "அவ்வளவு தூரமா?" என்று கேளுங்கள். இன்று கூட்டம் நெரியும், வெயில் கொளுத்தும், போய்வரவே நாள் முழுக்க ஆகும், பாதி வழியில் பாத்ரூம் கேட்பீர்கள், அங்கே பார்க்கத்தான் என்ன இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லுங்கள். பெரியவள், "நீ வாராவாரம் போறியே" என்பாள். அது வேறு என்று சொல்லுங்கள். எப்படி வேறு என்று அவள் கேட்பதற்குள், பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகலாம் என்று சமாதானமாகி எழுந்திருங்கள். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கார் சாவியைத் தேடுங்கள்.